சாக்கு மூடியும் கல்யாண லாரியும்

டீசல் நெடியோடு ஏலக்காய் மணமும் சேர்ந்து வந்தால் எனக்குச் சிரிப்பு பொங்கிவிடும்.

போன தையில் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு போடிமெட்டுக்கு மேலே, எஸ்டேட்டில். பெண்ணையும் உறவையும் சிலமலையிலிருந்து என் லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். டீசல் டாங்கி மூடி தொலைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏலக்காய்ச் சாக்கைக் கிழித்து டாங்கி வாயில் அடைத்திருந்தேன். பாதி மலையில், வளைவொன்றில் இஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரந்தான் இருந்தது.

டாங்கியிலிருந்து வரும் டீசல் குழாயைக் கழற்றினேன். சாக்கு நார் சுருண்டு அடைத்திருந்தது.

"ஏன் மாமா, லாரிக்கும் ஏலக்கா போட்டுப் பாயசம் வச்சீகளா?" என்றாள் மணப்பெண். லாரியே சிரிப்பில் குலுங்கியது.

"சிரிப்பென்னடி சிரிப்பு, நேரம் போகுது! இந்தாடா, வெரசாப் பாரு" என்று அக்காள் சீர்வரிசை அண்டாவையே நீட்டினாள். அதில் டீசலை இறக்கி, டாங்கியைத் துடைத்து, எனக்கு எடுத்திருந்த புது வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன். குழாயில் நின்ற காற்றையும் வெளியேற்றினேன். இஞ்சின் உறுமியது, மலையே கூடப் பாடியது போலிருந்தது! கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது மூடியைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன். துணியில் வடிகட்டாமல் ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை.

அன்று விடைபெறும்போது என் கண் கலங்கியது. மணப்பெண் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மறுவீட்டுக்கு எங்களக் கூப்பிட வாங்க மாமா. மூடியோட வாங்க."