கறுப்பு பானெட்டில் படிந்த மங்கல்

கார் பாலிஷ் தொழிலில் கறுப்பு வண்டி மாதிரி காட்டிக்கொடுக்கிற ஜென்மம் வேறு கிடையாது. மெஷினைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும், அதில் மாட்டுகிற பஞ்சுப் பேடில் பழைய அழுக்கு இருந்தாலும், மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி பெயிண்ட் மேல் ஒரு மங்கல் படிந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையத்தில் ஷெட் போட்டு நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்களும் இதே தொழிலில் இருந்தால், தனியாக உட்கார்ந்து நொந்துகொள்ள வேண்டாம்.

நிழலில் அழகு

ஷெட் தொடங்கின புதிதில் ஒரு கறுப்பு கார் வந்தது. ஒரே நாளில் தருவதாகப் பேரம் பேசி வேலையை வாங்கிவிட்டேன். முரட்டுப் பேடால் கீறல்களை எடுத்தேன். அதற்கப்புறம் மெத்தென்ற பேடில் மெதுவாக ஓட்ட வேண்டிய இரண்டாம் சுற்றை விட்டுவிட்டேன். பாலிஷில் இருக்கிற எண்ணெய் எல்லாவற்றையும் மூடிப் பளபளவென்று காட்டியது.

மறுநாள் அந்த மனுஷன் வண்டியைக் கழுவி, பீச் ரோட்டு வெயிலில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். எண்ணெய் போய், மெஷின் சுற்றின வட்டத் தடங்கள் தெரிந்திருக்கின்றன. நேராக ஷெட்டுக்கு வந்தார். "உப்புக் காத்து சார், நான் என்ன பண்றது?" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "உப்புக் காத்து வட்டம் வட்டமாவா அடிக்கும்?"

மில் கண்

பிறகுதான் பாக்கியம் அக்கா வேலைக்கு வந்தார். துணி மில் மூடும் வரை அங்கே நெய்த துணியில் குறை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர். கறுப்பு வண்டிகளின் கடைசிச் சுற்றை அவரிடம் விட்டேன். கதவு ஒன்று முடிந்தால் பேடைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். மெஷினை அதன் கனத்துக்கு மேல் அழுத்த மாட்டார். ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்து, வெயிலில் சாய்ந்து பார்ப்பார். கறுப்பு வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்ததே அவரால்தான். ஆனாலும் "சீக்கிரங்கக்கா" என்று கத்துவேன். "கஸ்டமர்கிட்ட கத்து தம்பி. பெயிண்டுக்குக் காது கெடையாது."

கல்யாண வண்டி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, மகள் கல்யாணத்துக்காகத் தன் கறுப்பு காரைக் கொடுத்தார். நாலு மணிக்குத் தருவதாக வாய் விட்டுவிட்டேன். அக்கா சாப்பிடப் போன நேரத்தில் பொறுக்காமல் மெஷினை நானே எடுத்தேன். அழுக்குப் பேடை மாற்றாமல், சூடு பறக்க அழுத்தி பானெட்டை முடித்தேன்.

நாலு மணி வெயிலில் பானெட் முழுக்க மங்கல். சொல்தா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். ஆறு வருஷமாக "நீங்க" என்று கூப்பிட்ட வாயால், சொல்தா எதிரிலேயே, "உனக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்றேன். அக்கா பேடை மாற்றினார். பானெட்டை மறுபடி முதலிலிருந்து செய்து வண்டியை அனுப்பினார். துடைக்கிற துணிகளை மடித்து வைத்தார். "நாளையிலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கோ தம்பி."

முதலியார்பேட்டையில் பேரம்

மூன்றாம் நாள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். சம்பளத்தை ஏற்றினேன். அசையவில்லை. ஞாயிறு லீவு என்றேன். மீன் ஆய்ந்துகொண்டே இருந்தார். எதிராளி வாய் திறந்து ஒரு விலை சொன்னால்தானே நான் குறைக்க முடியும்? கடைசியில் சொன்னார். "அந்தச் சொல்தாகிட்டப் போயி, கெடுத்தது நான்தான்னு சொல்லிட்டு வா. நாளைக்கே வர்றேன்."

கேட் வரைக்கும்

போனேன். உள்ளே கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்தாவே கேட்டைத் திறந்தார். கெடுத்தது நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்ததென்னவோ, "வேற வண்டி ஏதாச்சும் பாலிஷுக்கு இருக்கா சார்?" என்பதுதான். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டே சொன்னார். "அந்தம்மா செய்யறதா இருந்தா சொல்லு. நீ தொடறதா இருந்தா வேணாம்."

அக்கா இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறார், என் ஷெட்டில் வெள்ளை வண்டி மட்டும்தான் எடுக்கிறேன். வெள்ளையில் எவன் செய்த தப்பும் லேசில் தெரிவதில்லை.