புதருக்குள் பாடியது யார்

குருவி மேடத்துக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு வருஷம் குருவிகள் வாயை மூடிக்கொண்டன. அப்படித்தான் அவர் நினைத்தார்.

குருவி மேடம் என்பது அவர் பாடம் எடுத்த கல்லூரி விலங்கியல் துறையில் மாணவர்கள் வைத்த பெயர். துறைத்தலைவரே ஒருமுறை கூட்டத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லூரிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய முட்புதர்களில் ஒரு சாம்பல் நிறக் குட்டிக் குருவி இனம் இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மேடம் வலை வைத்துப் பிடித்து, துளி ரத்தம் எடுத்துச் சோதித்து, ஆணின் காலில் சிவப்பு வளையமும் பெண்ணின் காலில் மஞ்சள் வளையமும் மாட்டிப் பறக்கவிடுவார். நன்றாகப் பாடும் ஆணின் கூட்டில் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றனவா என்பதே அவருடைய ஆராய்ச்சி. புதருக்குள்ளிருந்து பாட்டு கேட்டால் ஆண் பாடுகிறது என்று எழுதிக்கொள்வார். பாடுவது ஆண்தான் என்பதில் யாருக்குமே சந்தேகம் வந்ததில்லை.

அந்த வருஷம் கூடு கட்டும் பருவம் தொடங்கியும் புதர்கள் ஊமையாகக் கிடந்தன. பூச்சிமருந்தா, பக்கத்துக் கட்டட வேலையா என்று மேடம் மண்டையை உடைத்துக்கொண்டார். புலம்பல் தாங்காமல், மாடி வீட்டிலிருந்த நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே கிளம்பி வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். தொட்டியருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, சத்தமே இல்லன்னீங்க? இங்க காது கிழியுதே!"

"எங்க?"

"எங்கயா? இதோ, இந்தப் புதர்லதான். விசிலடிக்குதுங்க."

மேடம் புதரைப் பார்த்தார். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார்.

"விளையாடாத."

"இதுல நான் என்ன அண்ணி விளையாடப் போறேன்?"

காது டாக்டர் சோதித்துவிட்டு ஆறுதலாகத்தான் சொன்னார். "பேச்செல்லாம் நல்லா கேக்கும். ரொம்பக் கீச்சுன்னு இருக்கிற சத்தம் மட்டும்தான் போயிடுச்சு. மெஷின் வச்சாலும் அது திரும்பாது. ஆனா அது இல்லாம வாழ்க்கையில ஒண்ணும் குறைஞ்சிடாது."

வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அப்போ வேலைய விட்டுடப் போறியா?" என்றார்.

"விட்டுட்டு? உங்க தங்கச்சி கடையில காஜா போடவா?"

சிரித்தபடி சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

காது கைவிட்டதால் வேலையைக் கண்ணிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பதிவு செய்த பாட்டைக் கணினித் திரையில் கோடுகளாகப் பார்க்கலாம். ஆனால் எந்தக் குருவி பாடியது என்று தெரிய, தொண்டை துடிப்பதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். தொலைநோக்கியோடு புதர்முன் பழியாய்க் கிடந்தார். ஒரு காலை, கூட்டில் உட்கார்ந்திருந்த குருவியின் அலகு திறந்து தொண்டை நடுங்கியது. காலில் மஞ்சள் வளையம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மஞ்சளேதான். திரையிலும் தேடினார். ஒரு பாட்டு படிப்படியாக ஏறியது, இன்னொன்று வில்லாக வளைந்தது. ஒருவர் பாட்டென்று இத்தனை காலம் நினைத்தது இரண்டு பேருடையது.

"பாத்தது தப்பா இருக்கலாமில்ல மேடம்? உங்களுக்குக் காது வேற..." என்று இழுத்தார் துறைத்தலைவர்.

"காதால பாக்கல சார், கண்ணால பாத்தேன். நீங்களே வந்து பாருங்க."

வந்தார். கூட்டருகே சின்ன ஒலிபெருக்கி வைத்து, வேறொரு கூட்டுப் பெண் குருவியின் பாட்டை ஓடவிட்டார்கள். ஓடுகிறதா என்று மேடத்துக்குக் கேட்காது. நாத்தனார்தான் பக்கத்தில் நின்று, "பாடுது அண்ணி" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் மஞ்சள் வளையக்காரி அம்பாகப் பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைக் கொத்தினாள்.

"அடேயப்பா! சண்டைக்கு இவ வர்றா, இவ வீட்டுக்காரர் எங்க?" என்றாள் நாத்தனார்.

"பின்னாடி கிளையில உக்காந்திருக்காரு" என்றார் துறைத்தலைவர், தொலைநோக்கியை இறக்காமல்.

ஆணின் பாட்டைப் போட்டால் பெண் அசையவில்லை, ஆண் வந்தது. கூடு கூடாகச் சோதித்தார்கள், பெரும்பாலும் அப்படியேதான். வேறொரு பெண் தன் இடத்தில் கால் வைக்கக் கூடாதென்று பெண்ணே பாடி விரட்டுகிறது என்று மேடம் முடிவுக்கு வந்தார். அதற்கு விலையும் இருந்தது. கூட்டிலிருந்தபடி அதிகம் பாடிய பெண்களின் முட்டைகளைத்தான் காக்கைகள் அதிகம் கண்டுபிடித்துத் தின்றன.

இதனால் மேடத்தின் பழைய கட்டுரைகளில் பாதி ஆட்டம் கண்டது. பெண் பாடியதையெல்லாம் ஆணின் கணக்கில் எழுதியிருந்தார். அந்தத் தவறையும் புதுக் கட்டுரையில் சேர்த்தார்.

"அத நாமளா ஏன் மேடம் சொல்லணும்?" என்றார் துறைத்தலைவர்.

"வேற யாராவது சொன்னா இன்னும் அசிங்கம் சார்."

இரண்டு ஆய்விதழ்கள் திருப்பியனுப்பின, மூன்றாவது வெளியிட்டது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் நாத்தனார் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள்.

அடுத்த பருவத்திலும் அவள் ஞாயிறுகளில் வந்தாள். ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது மேடம் கேட்டார். "இப்ப பாடுதா?"

"ரெண்டும் பாடுது அண்ணி."

"எப்படி இருக்கு?"

நாத்தனார் புதர்ப் பக்கம் காதைத் திருப்பினாள். "ஒண்ணு மெல்லிசுத் துணியில மெஷின் ஓடற மாதிரி சரசரன்னு போகுது. அது நிக்கறதுக்குள்ள இன்னொண்ணு வந்து ஒட்டிக்குது. தையல் எங்க சேருதுன்னே தெரியல."

மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், கிளம்ப எடுத்த பையைத் தோளில் மாட்டாமல்.