வெறும் வாசல்

அப்பா இறந்து காரியங்கள்கூட முடியவில்லை. தீட்டு கழியும்வரை எங்கள் வாசலில் கோலம் கிடையாது. பாரம்பரியம் பார்க்கக் கல்பாத்திக்கு வருகிறவர்களுக்கு அது தெரிந்தால்தானே! அப்படி வந்த கூட்டத்தில் ஒருத்தி, எங்கள் வாசல் மட்டும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து முகம் சுளித்தாள். கடையில் வாங்கிய கோலப்பொடியை எடுத்து அவளே பெரிதாகக் கோலம் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து படமும் எடுத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியே பார்த்த அம்மா, "ராமா, இதென்னடி கூத்து! அழிச்சுட்டு வா" என்று பதறினாள். நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கோலத்தின் மேல் கொட்டினேன்.

அவர்களின் வழிகாட்டி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாசல் தெளிக்கிறது இவங்க சம்பிரதாயம்" என்று விளக்கினான். எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள்.

"அக்கா, இன்னொரு தடவை ஊத்துங்க" என்றாள் அவள். "கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே."