குறிஞ்சாக்கேணிக்கு வந்த கரீபியன் கடிதம்

ஒரேயொரு கடித உறையைப் பார்க்க வவுனியாவிலிருந்து கிண்ணியாவுக்கு எவனாவது போவானா? போன வைகாசியில் நான் போனேன். பதினொரு வருடமாகக் கரீபியன் கடலிலுள்ள மொன்செராட் என்ற குட்டித் தீவின் தபால் முத்திரைகளைச் சேர்க்கிற பைத்தியம் எனக்கு. அல்பத்தில் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதில் வைக்க, அத்தீவின் தலைநகர் பிளைமத்தின் தபால் சீலோடு இலங்கைக்கு வந்த உறை ஒன்று வேண்டும். அப்படி ஒன்று கிண்ணியாவை ஒட்டிய குறிஞ்சாக்கேணியில் வீடொன்றில் இருப்பதாக முகநூலில் மங்கலாக ஒரு படம் வந்தது. உடனே அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

காலை 5.30க்குத் திருகோணமலை பஸ். ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். திருகோணமலையில் தேநீர் குடித்துவிட்டு 9.15க்குக் கிண்ணியா பஸ் ஏறினேன், எண்பது ரூபா. முன்பு பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த கடலை இப்போது பாலத்தில் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடலாம். அங்கிருந்து குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா.

"முத்திரை பாக்கவா இவ்வளவு தூரம் வாறீங்க?" என்று, வந்த காரணத்தைக் கேட்ட ஓட்டோக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விதான்.

உறையின் சொந்தக்காரி ஹசீனா ராத்தாவுக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய தகப்பன், அவர் சொல்வதுபோல் வாப்பா, சரக்குக் கப்பலில் சமையல்காரர். அந்தத் தீவிலிருந்து ஒரு கடிதம் போட்டார். பிறகு திரும்பி வரவேயில்லை.

கதிரையில் உட்கார்ந்ததும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே முத்திரை மட்டும்.

"உங்களுக்கு முத்திரைதானே வேணும். காலையிலேயே தண்ணில ஊறவெச்சுக் கழட்டிட்டன். சும்மா கொண்டு போங்க."

அட கடவுளே! சீல் வட்டத்தில் பாதி முத்திரையில், மீதி உறையில் விழுந்திருக்கும். பிரித்தால் இரண்டும் பாழ்.

"உறை?" என்றேன்.

"அது தர ஏலாது. உள்ள இருந்த கடிதம் எப்பவோ தொலைஞ்சு போச்சு. வாப்பாட கையெழுத்து வேறொண்டும் எங்கிட்ட இல்ல."

உறையை ஒருமுறை பார்க்கக் கேட்டேன். 'கிண்ணியா, சிலோன்' என்று ஆங்கிலத்தில் கோணலான எழுத்து. அவ்வளவுதான் முகவரி! உலகத்தின் மறுபக்கத்திலிருந்து அதை வைத்துக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறது. காய்ந்துகொண்டிருந்த மூலையில் முத்திரையை மெல்ல வைத்து நகர்த்தினேன். வட்டம் பொருந்தியது. பிளைமத்.

"சீல்ல என்ன எழுதியிரிக்கு?" என்று ராத்தா கேட்டார்.

ஊர்ப்பெயரை வாசித்துச் சொன்னேன். வாப்பா நின்ற ஊரின் பெயரை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"அந்த ஊரு இப்பவும் இரிக்கா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. தொண்ணூறுகளில் எரிமலை வெடித்து ஊர் முழுவதும் சாம்பலுக்குள் போனதைச் சொன்னேன்.

"அப்ப வாப்பா கடிதம் போட்ட தபால் கந்தோர்?"

"அதுவும் இல்லை, ராத்தா."

உறையை விரலால் தொட்டார். "இது மட்டும் இஞ்ச இரிக்கு," என்றார்.

என் பையில் முத்திரைகளை அல்பத்தில் பொருத்தும் ஒட்டுத்தாள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து, முத்திரையை அதன் இடத்திலேயே பொருத்தி உறையை அவரிடம் கொடுத்தேன். ஆசை இல்லாமலா? வயிறெரிந்துகொண்டுதான் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: கிண்ணியாவில் மத்தியானச் சாப்பாட்டை விடாதீர்கள். பழைய கடிதம் பார்க்கப் போனால், தண்ணீரில் போடவேண்டாம் என்று முதலிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அல்பத்தின் அந்தப் பக்கத்தில் இப்போது ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'பிளைமத், குறிஞ்சாக்கேணியில் இருக்கிறது.'