ஐந்நூறு வார்த்தையில் ஜெயசுதா

என் வீட்டுக்காரர் தணிகைவேல் ஓர் எழுத்தாளர் என்பது பாகூர் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். கரும்பு வெட்ட ஆள் வந்து நிற்கும், இவர் வரப்பில் குந்திக்கொண்டு கதாநாயகிக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பார். வருடக்கணக்காக மாத நாவல் எழுதினார். எல்லாம் குடும்பக் கதை. மாமியார் படுத்துவாள், மருமகள் பொறுத்துக்கொள்வாள், கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். யாரை வைத்து எழுதினாலும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவார். எதிர்வீட்டு ஆள் நாவலுக்குள் போனால் முதல் அத்தியாயத்திலேயே திருச்சிக்குக் குடிபோய்விடுவார். அடுத்ததில் பேங்கில் வேலை கிடைக்கும். அதற்கடுத்ததில் மீசை போய்விடும். "பக்கம் நிறைய இருக்குது தேவி, மெல்ல மாத்திக்கலாம்" என்பார்.

அவருக்கு வாய்த்த உண்மையான வாசகி பக்கத்து வீட்டு ஜெயசுதா. அவள் அம்மா சின்னப்பிள்ளையை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அவர் மல்லாட்டைக் கடலை உரிக்க, மகள் பக்கத்தில் உட்கார்ந்து இவருடைய நாவலைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இவர் கேட்டுக்கொண்டிருப்பார். தான் எழுதியதுதான் என்பதே மறந்து, சில இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எங்கள் ஊர் ஏரி மதகில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். எடுத்துப் போட்டபோது ஒரு காலில்தான் கொலுசு இருந்தது.

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் எங்கள் பக்கம் வீட்டுச் சாமி ஆகிவிடுவாள். பூவாடைக்காரி என்போம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளைத்தான் அழைக்கவேண்டும். நீர்க்கரையில் புதுப்புடவை, பூ, மஞ்சள் வைத்துப் பம்பை அடித்துக் கூப்பிட்டால் வீட்டு மனுஷர் யார்மேலாவது இறங்குவாள். குடத்துத் தண்ணீரோடு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, புடவையை மணையில் வைத்துப் படைப்பார்கள். அண்ணி புது வீடு கட்டிக் குடிபோனபோது ஜெயசுதா தன் அம்மா மேலேயே இறங்கினாள். "பசிக்குதும்மா" என்றாள். மகள் போன பிறகு அன்றைக்குத்தான் அண்ணி வயிறாரச் சாப்பிட்டார். அடுத்து மகன் தமிழ்க்குமரன் கல்யாணத்துக்கு அவள் வருவாள் என்று அதையே நினைத்து நாளைத் தள்ளினார்.

இதற்கிடையில் மாத நாவல் நின்றுபோனது. எழுதிய கட்டுகள் அலமாரியில் கிடந்தன. இவர் சரியாகப் பேசுவதில்லை, சவரம் செய்வதில்லை. அப்போதுதான் போனில் கதை படித்துக் காட்டுகிற ஏதோ ஆப்பிலிருந்து ஒரு பையன் போன் செய்தான்.

"சார், ஃபேமிலி ஸ்டோரி இப்ப யாரும் கேக்கறதில்ல. பேய்க்கதை குடுங்க. ஐந்நூறு வார்த்தை. மொத வரியிலயே பயம் வரணும்."

இவருக்கா பேய்க்கதை? பேயின் அப்பா அம்மா கல்யாணத்துக்கே பத்துப் பக்கம் எடுத்துக்கொண்டார். பேய்க்கு ஒரு கொழுந்தியாள் வேறு. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. நான் கேலி செய்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு கதையை முடித்து அனுப்பிவிட்டார். அது உடனே ஆப்பில் ஏறிவிட்டது. யாரோ ஒரு பெண் பயங்கரமான சத்தங்களோடு அதைப் படித்திருந்தாள். உச்சிவெயிலில் தனியாக மதகைத் தாண்டுகிறவன் பின்னால் ஒற்றைக் கொலுசுச் சத்தம் வரும். திரும்பினால் ஈரத்தலையோடு ஒரு பெண், "என் இன்னொரு கொலுசு எங்கடா?" என்று கேட்டுக் காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுப்பாள். பேர் மட்டும் வேறு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னாங்க இது? நம்ம ஜெயசுதா இல்ல?"

"ஐந்நூறு வார்த்தையில எங்க தேவி மாத்தறது? கண்ணு முன்னால இருந்தத அப்டியே வெச்சேன். கேக்கறவங்களுக்கு யாருன்னு தெரியப்போவுது?"

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதுதான். ஆயிரக்கணக்கில் கேட்டார்கள், இவரும் சவரம் செய்துகொண்டார். ஆனால் அது வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் தெருவுக்கே வந்தது. மதகுப் பக்கம் துணி துவைக்கப் போகிற பெண்கள் போவதையே நிறுத்திவிட்டார்கள். பைக்கில் போகிற பையன்கள் அந்த இடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தார்கள். படிக்கத் தெரியாத அண்ணியும் அதைக் காதால் கேட்டார். எங்களிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தமிழ்க்குமரன் கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது சாய, மதகடியில் பூவாடைக்காரியை அழைத்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் பாதிப்பேர் ரோட்டோடு நின்றுவிட்டார்கள். கரைக்கு வந்தவர்களும் பிள்ளைகளை இடுப்போடு இறுக்கிக்கொண்டார்கள். பம்பைக்காரர்கள் அடித்தார்கள், பாடினார்கள், வேர்த்து ஊற்றியது. அண்ணி ஈரப்புடவையோடு கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் இறங்கவில்லை. யார்மேலும் இறங்கவில்லை.

"யார்னா குறை வெச்சிருக்கீங்களா?" என்று பம்பைக்காரர் கேட்டார்.

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

அண்ணி இவரிடம் வந்தார். "தம்பி, நீ பேய்னு சொன்ன, ஊரே பயந்துக்கிச்சி. பயப்படற எடத்துக்கு எம்புள்ள எப்டிபா வருவா? உனக்குத்தான் நல்லா சொல்ல வரும். நீ ஒரு வாட்டி கூப்புடு. சாமின்னு சொல்லிக் கூப்புடு."

இவர் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பக்கம் பக்கமாக மாமியாரையும் மருமகளையும் பேசவைத்த மனுஷன். "ஜெயசுதா" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பம்பை நின்றிருந்தது, எல்லாரும் காத்திருந்தோம். கடைசியில் முகத்தைப் பொத்திக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சமில்லை, ஆனாலும் அப்போது பெற்ற பிள்ளையைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினேன்.

அண்ணி குடத்துத் தண்ணீரை ஏரியிலேயே ஊற்றினார்.

"அவ படிச்ச குரல் இத்தினி நாளா என் காதுல இருந்துச்சிபா" என்றார். "நீ எழுதனதெல்லாம் அவ குரல்லதான் எனக்குத் தெரியும். இப்ப அவள நெனச்சா அந்தப் போன் பொம்பள குரல்தான் கேக்குது."

மறுநாள் கல்யாணம் நடந்தது. மணையில் அந்தப் புடவை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.