மியூட் போட மறந்த நாள்

கணவர் துறைமுக வேலைக்குப் போய்விட்டால், திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் நானும் மாமனாரும்தான். "மருமவ வூட்லயே வேலை பாக்குது, எனக்கு இன்னா பயம்?" என்று தெருவில் பெருமையாகச் சொல்வார். நானோ அறைக் கதவைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் வேறு சத்தமே கேட்காது.

ஒருநாள் மீட்டிங்கில் மியூட் போட மறந்துவிட்டேன். கோவையிலிருந்து பேசிக்கொண்டிருந்த மேலாளர் சட்டென்று நிறுத்தி, "உங்க வீட்டுல யாரோ கத்தறாங்க, போய்ப் பாருங்க" என்றார்.

ஓடினேன். எனக்கு டீ போட வந்த மாமனார் சமையலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் வீசியது. கேஸை மூடி, ஜன்னலைத் திறந்து, அவரை மெல்ல வெளியே கொண்டுவந்தேன்.

"நீ வேலையா கீறன்னுதான் மொதல்ல கூப்புடல. அப்பால தாங்கல, கத்திட்டேன். மீட்டிங் கெட்டுப்போச்சாம்மா?" என்றார். அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளை, கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. இப்போது அறைக் கதவைச் சாத்துவதில்லை; ஒரு காதில்தான் ஹெட்செட். மாமா கூப்பிட்டால் பாதியில் எழுந்து போவேன் என்று ஆபீசிலும் சொல்லிவிட்டேன்.