கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஊரில் கர்ப்பப்பைப் புற்றுநோயைப் பற்றி முதன்முதலாக மேடையேறிப் பேசியவர் எங்கள் பெரியப்பாதான். உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பி என்றால் அவர்தான் முன்னால் நிற்பார். மாலையும் மைக்கும் எங்கே இருக்கின்றனவோ அங்கே அவரும் இருப்பார். கோயமுத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் பெண்களுக்காக முகாம் நடத்த இடம் கேட்டு வந்தபோது, "நோம்பியிலயே வெச்சுக்குங்க, கூட்டத்துக்குப் பஞ்சமிருக்காது" என்று யோசனை சொன்னவரும் அவரே. அவர் சொன்னபடி கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு வீட்டில் நாங்களும் அடுத்த வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தோம். நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பாதி நாள் பெரியம்மாவிடம்தான். அவளுடைய ஒரே மகளை, எனக்கு அக்கா, பவானியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவுக்குக் கரு தங்காமல் தங்காமல் போய், அந்த வருஷம்தான் ஒருவழியாக முழுகாமல் இருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று பெரியம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள். கம்பம் நட்ட நாள் முதல் பிடுங்குகிற நாள் வரை, ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றுவதாக.

நோம்பி நாளை அறிவித்துச் சாட்டியதும் கோயிலுக்கு முன்னால் மூன்று கிளையுள்ள மரக்கம்பம் ஒன்றை நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கம்பம்தான் அம்மனுக்கு வீட்டுக்காரர். விடியற்காலையில் பெண்கள் தலைக்குக் குளித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பிலையைப் போட்டுக் குடம் குடமாகக் கொண்டுபோய் அதன்மேல் ஊற்றுவார்கள். தீட்டு வந்தவள் அந்த வீதிப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. மீறினால் ஊருக்கு அம்மை வரும், குடும்பத்தில் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அதனால் வயதுப் பெண்களில் அத்தனை நாளும் ஊற்றக் கொடுத்துவைத்தவர்கள் குறைவு. பெரியம்மாவுக்கு எல்லாம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "இனி நமக்கென்னொ, ஒரு தொந்தரவுமில்ல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். எது தொந்தரவு, எது நின்றது என்றெல்லாம் எனக்குத் தெரியாது.

கம்பம் நட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் எழுந்து போனபோது பெரியம்மா மோட்டார் ரூம் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் செம்மண் கரைத்தது போல வாய்க்காலில் ஓடியது. என்னைப் பார்த்ததும் துணியைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள்.

"முள்ளுக் குத்திப்போட்டுது கண்ணு. உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத, வெசனப்படுவா."

மறுநாளும் அலசினாள். அவள் பாதங்கள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், காயம் எதுவுமில்லை. முள் உள்ளே போய்விட்டது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அலசி முடித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் கிளம்புவாள். நான் ஒரு சொம்புத் தண்ணீரோடு கூடவே போவேன். கம்பத்தின்மேல் ஊற்றும்போது "என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கொ தாயி, புள்ளைய ஒண்ணும் பண்ணிராத" என்று முணுமுணுப்பாள். எல்லாரும் சாமியிடம் அப்படித்தான் பேசுவார்கள் என்றிருந்தேன்.

முகாம் நடந்தது இதற்கு நடுவில்தான். கோயில் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "தாய்மார்கள் வெக்கப்படாம வரோணுமுங்க, உசுருதானுங்க முக்கியம்" என்று அவர் பேசியபோது ஆண்கள்தான் கைதட்டினார்கள். அடுத்துப் பேசிய நர்சம்மா கெட்டிக்காரர். தீட்டு நின்றுபோனதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அலட்சியமாக இருக்கக் கூடாது, வலி இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது, ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவர் சொன்ன இன்னும் சிலவற்றுக்குப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியம்மா மூடவில்லை. முன்வரிசையில், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டாள். விழிப்புணர்வு இல்லாமல் செத்துப்போனாள் என்று எங்கள் பெரியம்மாவை யாரும் சொல்லிவிட முடியாது. அந்த நோயைப் பற்றி அன்றைக்கு ஊரிலேயே அதிகம் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

சோதனை செய்கிற வேன் டீக்கடைக்கு நேர் எதிரே நின்றது. படியேறுகிறவள் யார் வீட்டுப் பெண், எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறாள் என்று டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நோம்பிக்கு வந்திருந்த வெளியூர் வளையல்காரி ஒருத்தி மட்டும் ஏறினாள். உள்ளூரிலிருந்து ஒரு குருவிகூட அந்தப் பக்கம் போகவில்லை. சும்மா ஒருக்கா பார்த்துவிட்டு வந்துவிடலாம் அக்கா என்று அம்மா கூப்பிட்டதற்கு, "எனக்கென்ன கேடு, கல்லாட்ட இருக்கறேன்" என்றாள் பெரியம்மா. ஆனால் மோர் கொடுக்கிற சாக்கில் நர்சம்மாவிடம் போனாள். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன்.

"ஏனுங்கம்மிணி, எங்க ஒறம்பரையில ஒருத்திக்கு நீங்க சொன்னாப்புடி இருக்குதுங்க. நோம்பி முடிஞ்சு பாத்துக்கிட்டா ஆகாதுங்களா?"

"இன்னிக்கே கூட்டிட்டு வாங்கம்மா. நாள் கடத்தாதீங்க."

"அவ வெளியூருங்க" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எந்த ஒறம்பரை, எந்தச் சொந்தக்காரி என்று வழியெல்லாம் நச்சரித்தேன். உனக்குத் தெரியாதவள் என்றாள்.

அவள் மாட்டிக்கொண்டிருந்த இடம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. முதல் நாள் ரத்தத்தைப் பார்த்தபோதே ஒதுங்கியிருந்தால் வேண்டுதல் முறிந்திருக்கும். ஒதுங்காமல் ஊற்றிவிட்ட பிறகு யாரிடம் வாயைத் திறக்க முடியும்? எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி எப்போதிலிருந்து என்பதுதான். அந்தத் தேதியைச் சொன்னால் தீட்டோடு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் என்றாகிவிடும். அக்கா வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது இவளால் ஆனதென்று ஊர் சொல்லும். ஊரை விடுங்கள், அவளே அதை நம்பினாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். நோம்பி முடிந்தது, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள், அவள் வாய் திறக்கவில்லை. அக்கா பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை பிறக்கட்டும் என்று பெரியம்மா இருந்தாள். நல்லபடியாகப் பிறந்தது. பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றிருந்தாள். ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் தூக்கும்போது அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

கோயமுத்தூருக்குக் காரில் கொண்டுபோனார்கள். சோதனைகள் முடிந்து முடிவு சொல்லுகிற நாளில் பெரியம்மா என் கையை விடமாட்டேனென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரியப்பா கெட்டவரில்லை. தோப்பை விற்றாவது வைத்தியம் பார்த்துப்போடலாம் அம்மிணி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றார். பக்கத்து உறுப்புகளுக்கும் பரவிவிட்டது, இப்போது ஆபரேஷன் செய்ய வழியில்லை என்றார். பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டார்.

"எப்ப இருந்தும்மா ரத்தம் படுது?"

பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அவ்வளவு நாள் அடக்கிவைத்ததைப் பேரன் பிறந்த தைரியத்தில் சொல்லிவிட்டாள் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

"நோம்பி சாட்டுன வாரத்துல இருந்துங்க."

பெரியப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம்.

"அப்ப கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனயே?" என்று கேட்டார்.

என்ன கம்பம் என்றார் டாக்டரம்மா. நோயின் பெயரைச் சொன்னபோது பெரியம்மா அழவில்லை, பரவிவிட்டது என்றபோதும் அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, நான் அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்தேன்.